கடை வேண்டுமா, வேண்டாமா? ஊர் சொல்லட்டும்!



நம் தெருவுக்கு ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம். ஆண்டு இரண்டு ஓடுகிறது, குழாய் வரவில்லை. ரேஷன் கடை தொலைவில் இருக்கிறது, பகுதி நேரக் கடையாவது தாருங்கள் என்று கேட்கிறோம். ஆலோசனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. மகப்பேறு பார்க்க நர்ஸ் வேண்டும் என்கிறோம். பணியிடம் காலியாகவே இருக்கிறது. ஆனால் மதுக்கடை வேண்டும் என்று எந்தத் தெருவும் மனுக் கொடுத்ததில்லை. அந்த ஒரு கடைதான் கேட்காமலே வருகிறது! நேற்றுவரை தட்டுமுட்டுச் சாமான் கிடந்த கட்டடத்துக்கு இன்று வெள்ளையடிக்கிறார்கள், இரும்புக் கம்பி அடிக்கிறார்கள், மறுநாள் லாரி வந்து நிற்கிறது. அப்போதுதான் தெருவுக்குத் தெரிகிறது, நமக்கு என்ன வந்திருக்கிறது என்று!

இந்த விந்தையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். குடி நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நாம் வரவில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. அதற்குமேல் அறவுரை கூற நமக்குத் தகுதியும் இல்லை, இடமும் இல்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. ஒரு தெருவில், ஒரு வார்டில், ஒரு கிராமத்தில் மதுக்கடை வரலாமா, கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்? கடையின் வாடையும் கூச்சலும் எவர் வீட்டு வாசலில் விழுகிறதோ அவரா? நூறு மைல் தொலைவில் கணக்குப் புத்தகம் பார்த்துக்கொண்டிருப்பவரா?

மதுவிலக்குச் சட்டத்தில் மது விற்பனை!

சட்டம் என்ன சொல்கிறது, பார்ப்போம். நம் மாநிலத்தில் மது விற்கப்படுவது எந்தச் சட்டத்தின் கீழ்? கேட்டால் சிரிப்பீர்கள், மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்! 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்தபோது, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த அதே சட்டம்தான். 1948-இல் ஓமந்தூரார் ஆட்சியில் சென்னை ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டும் இறுகியது, 1981-இல் மறுபடியும் கதவு திறந்தது. 1983-இல் மொத்த வியாபாரத்துக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. இத்தனை திருப்பங்களுக்குப் பிறகும் சட்டத்தின் பெயர் மாறவில்லை. இலாகாவின் பெயர் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை! பலகையில் விலக்கு, பெட்டியில் விற்பனை!

எந்தக் கட்சி ஆட்சியில் எது நடந்தது என்று கணக்குப் பார்த்து ஒருவர் முகத்தில் ஒருவர் கரி பூசுவது எளிது. அந்த வேலையைத் தேர்தல் மேடைக்கு விட்டுவிடுவோம். மாறி மாறி வந்த ஆட்சிகள் எல்லாவற்றிலும் மாறாதது ஒன்று உண்டு. கடை திறக்கும்போதும் ஊரைக் கேட்கவில்லை, மூடும்போதும் ஊரைக் கேட்கவில்லை. 2016-இல் 500 கடைகள், 2017-இல் 500 கடைகள், 2023 ஜூனில் 500 கடைகள் என்று மூடினார்கள், வரவேற்கிறோம். ஆனால் எந்த 500 என்று தீர்மானித்தது யார்? மேலிடம்! அந்தப் பட்டியலில் நம் தெருக் கடை இல்லையே என்று ஏங்கிய தாய்மாருக்கு எவர் பதில் சொன்னார்கள்?

இடத்தைத் தேர்ந்தெடுப்பது வாணிபக் கழகம். அனுமதி கொடுப்பது கலெக்டர். விற்பவரும் சர்க்கார், உரிமம் கொடுப்பவரும் சர்க்கார், வரி வாங்குபவரும் சர்க்கார், எதிர்ப்புத் தெரிவித்தால் தடியோடு வந்து நிற்பவரும் சர்க்கார்! வாதியும் அவரே, வழக்கறிஞரும் அவரே, நீதிபதியும் அவரே என்றால் ஏழையின் மனு எங்கே ஏறும்?

மது வியாபாரம் எவருக்கும் அடிப்படை உரிமை அன்று என்று 1994-இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. போதைப் பானங்களை விலக்க முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிறது. ஆக, கடை வைப்பது உரிமை அன்று, சலுகை. உரிமை என்றால் தடுக்கக் காரணம் கேட்கலாம். சலுகை என்றால் கொடுப்பதற்கல்லவா காரணம் சொல்ல வேண்டும்? அந்தக் காரணத்தை அந்தத் தெருவிலே வந்து சொல்லட்டுமே!

தொழிலாளிக்கு மட்டும் அளவுகோல் இல்லையா?

விதி ஒன்று இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் சில்லறை மது விற்பனை விதிகளில் அதைக் காணலாம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 மீட்டர் என்பது எவ்வளவு? ஒரு சிறுவன் கல்லெறிந்தால் விழும் தூரம்! 51-ஆவது மீட்டரில் பாட்டில் உடைந்தால் அந்தச் சத்தம் வகுப்பறைக்குள் நுழையாதா?

அதைவிடக் கொடுமை, அந்த விதியின் வாலிலே தொங்கும் விலக்கு. நகர அமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடே கிடையாது. தோழர்களே, இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். தொழிற்பகுதி என்றால் எது? நாம் வேலை செய்கிற இடம்! மில் வாசலும் பட்டறை வாசலும் உள்ள இடம். அதையொட்டிய வரிசை வீடுகளில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். பங்களாக்காரர் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு மீட்டர் கணக்குக் காவல் உண்டு. பட்டறைத் தொழிலாளி பிள்ளை படிக்கும் பள்ளி தொழிற்பகுதியில் இருந்துவிட்டால் அந்தக் காவலும் இல்லை. சம்பளக் கவர் கைக்கு வரும் வாசலிலேயே அதைப் பறிக்கும் கடையும் வரலாம் என்று சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது!

குடியிருப்பு வீடுகளுக்கு இந்த விதியில் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. பஸ் நிலையத்துக்குக் கிடையாது. இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்து வரும் சந்துக்குக் கிடையாது. கோயிலில் இருக்கும் சாமிக்கு 50 மீட்டர், குடிசையில் இருக்கும் தாய்க்கு ஒரு முழமும் இல்லை!

சாலையிலிருந்து சந்துக்கு

2016 டிசம்பர் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பின்னர் 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அதை 220 மீட்டராகத் தளர்த்தியது. விபத்தில் சாகிறவர்களை எண்ணிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. நோக்கத்தில் குறையில்லை. 2017 ஏப்ரலில் நம் மாநிலத்தில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் சாலையை விட்டு எழுந்தன.

எழுந்தவை எங்கே போய் உட்கார்ந்தன? அங்கேதான் ஊரைக் கேட்காத ஆட்சிமுறையின் உண்மை முகம் தெரிந்தது. நெடுஞ்சாலைக் கடை குறுஞ்சந்துக்கு வந்தது. லாரி டிரைவரை விட்டுவிட்டுக் குடும்பத்தலைவனைப் பிடித்தது! ஊர் ஊராகப் பெண்கள் துடைப்பமும் கையுமாக வந்து மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், அந்த ஏப்ரல் மாதத்திலே, மறியல் செய்த பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே கண்டது. என் தெருவில் கடை வேண்டாம் என்று சொன்னதற்கு அறை! கருத்துச் சொல்ல வாக்குச்சீட்டு இல்லாதவர்கள் வீதிக்கு வராமல் வேறு எங்கே போவார்கள்?

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னே, 2015 ஜூலை 31-ஆம் தேதி, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் நடந்ததை மறக்க முடியுமா? ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தின் மீதேறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் அங்கேயே உயிர் துறந்தார். மாநிலம் முழுவதும் மூடச் சொல்லியா அன்று கோபுரம் ஏறினார்? அந்த இடத்துக் கடையை அகற்றுங்கள் என்றார். ஒரு கடைக்கு ஓர் உயிர் என்றால், நாம் எந்த விலைவாசிப் பட்டியலில் வாழ்கிறோம்?

கஜானா காலியாகிவிடுமாம்!

"எல்லாம் சரி, வருமானம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கணக்கைத் திறந்தே பேசுவோம்.

2003-04-இல் மதுவினால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் சுமார் 3,639 கோடி ரூபாய். 2024-25-இல் அது 48,344 கோடி. ஏறக்குறைய 13 மடங்கு! விலைவாசி ஏறியது உண்மை. மக்கள் தொகை ஏறியதும் உண்மை. ஆனால் தோழரே, அந்த 21 ஆண்டுகளில் உங்கள் கூலி 13 மடங்கு ஏறியதா? ஏறியிருந்தால் கை தூக்குங்கள்!

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து பொழிந்ததா? ஒரு தொழிலாளி நாளைக்கு ஒரு குவார்ட்டர் வாங்குகிறான், அதன் விலை 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 வேலை நாளுக்கு 3,640 ரூபாய். ஆண்டுக்கு 43,680 ரூபாய். ஒரு தெருக் கடைக்கு இப்படி 200 வாடிக்கைக்காரர்கள் என்றால், அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆண்டுக்கு 87 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி இலவசமாக, உதவித்தொகையாகத் திரும்பி வருகிறதாம்! நம் கிணற்றில் இறைத்த நீரை நமக்கே செம்பில் கொடுத்துவிட்டு, தானம் செய்தேன் என்று மார்தட்டுவதற்குப் பெயர் சமூக நீதியா?

வரலாறு ஒன்று சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். மதுவிலக்கினால் வந்த நஷ்டத்தை ஈடு செய்யத்தான் 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. சாராய வருமானம் போகிறது, அதற்கு மாற்றாக இந்த வரி என்றார்கள். பிறகு என்ன நடந்தது? மதுவிலக்கு போயிற்று, வரி போகவில்லை! மது வருமானமும் வந்தது, மாற்று வருமானமும் நின்றது. ஆகையால் மாற்று வழியே இல்லை என்கிற பேச்சை, மாற்று வழியைக் கண்டுபிடித்து இரண்டையும் விழுங்கிய வரலாறு படித்த நாம் நம்ப வேண்டியதில்லை.

மேலும், நாம் இங்கே மாநிலம் முழுவதும் நாளைக்கே பூட்டுப் போடச் சொல்லவில்லை. ஊர் வேண்டாம் என்கிற இடத்தில் வேண்டாம் என்கிறோம், அவ்வளவுதான். அதற்கே கஜானா ஆட்டம் கண்டுவிடும் என்றால், கடைகளில் பெரும்பாலானவை ஊர் விருப்பத்துக்கு மாறாகத்தான் நடக்கின்றன என்று ஒப்புக்கொண்டதாகாதா?

கள்ளச்சாராயம் என்னும் பூச்சாண்டி

அடுத்த வாதம் இது. "இந்தக் கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும், சாவு வரும்." இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2016-இல் பீகாரில் மதுவிலக்கு வந்தது. அதன் பிறகும் விஷச் சாராயத்துக்கு அங்கே ஏழைகள் பலியானார்கள். சட்டம் மட்டும் போட்டு மக்களைத் திரட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டபோது, தமிழ்நாட்டில் மதுவிலக்கா இருந்தது? 4,800-க்கும் மேற்பட்ட சர்க்கார் கடைகள் திறந்திருந்தன. அதற்கு முந்திய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் செத்தபோது? அப்போதும் கடைகள் திறந்துதான் இருந்தன. செத்தவர்கள் கூலிக்காரர்கள். கடைச் சரக்கின் விலை கட்டாமல் மலிவான பாக்கெட்டைத் தேடிப் போனவர்கள். குடிப்பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது சட்டபூர்வமான கடை. விலை ஏறியதும் அவனைப் பிடித்துக்கொண்டது கள்ளச்சந்தை! பள்ளத்தை வெட்டியவர் ஒருவர், தள்ளியவர் வேறொருவர்.

கள்ளச்சாராயத்தைத் தடுக்க வேண்டியது போலீசின் கடமை. மெத்தனால் போகும் வழியைக் காவல் காப்பது இலாகாவின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாததற்கு நம் தெருவில் கடை வைப்பது பரிகாரம் ஆகாது.

வழி இல்லாமல் இல்லை

ஊரைக் கேட்டால் நிர்வாகம் நடக்குமா என்பார்கள். நடக்கும், நடந்திருக்கிறது.

மராட்டிய மாநிலத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு வார்டில், ஒரு கிராமத்தில், வாக்காளர்களில் கால்வாசிப் பேர், அல்லது பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர், கடை வேண்டாம் என்று கையெழுத்திட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் எழுத்தே வேண்டியதில்லை. நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று! படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் முத்திரை விழுந்தால் கடைக்கும் படுக்கைதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அங்கே கலெக்டருக்கு உத்தரவு போடுகிறாள்! ராஜஸ்தானத்திலும் கிராம வாக்கெடுப்பால் கடையை மூட விதி இருக்கிறது. 2016-இல் ராஜ்சமந்த் மாவட்டத்துக் கச்பலி கிராமம் அப்படி வாக்களித்துத் தன் கடையை மூடியது.

பக்கத்துக் கேரளத்தில் உள்ளாட்சி மன்றத்தின் சம்மதம் இல்லாமல் மதுக்கடை கூடாது என்று 2012-இல் அதிகாரம் கொடுத்தார்கள். 2017-இல் அதைப் பறித்தார்கள். கொடுத்ததும் சட்டம்தான், பறித்ததும் சட்டம்தான். ஆகையால் சட்டம் வந்துவிட்டது என்று படுத்துறங்கினால் ஆபத்து என்பதும் பாடம்.

ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்கு வந்த கிராமப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றியே படித்தார்கள், பேசினார்கள், விவாதித்தார்கள். துபகுண்டா கிராமத்தில் சாராயக் கடையை மூட வைத்தார்கள். தீ பரவியது. 1992-இல் சாராய ஏலங்களை நடக்கவிடாமல் தடுத்தார்கள். 1993 அக்டோபர் முதல் தேதி மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. ஆனால் 1995-இல் மேலிருந்து வந்த முழு மதுவிலக்கு 1997-இல் தளர்ந்து விழுந்தது. கீழிருந்து கட்டியது நாட்டை அசைத்தது. மேலிருந்து இறக்கியது நீண்ட நாள் தாங்கவில்லை!

நம் மண்ணுக்கு இது புதிதா? 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை ஏற்றவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். அந்த இயக்கத்துக்காகத் தம் தோப்பிலிருந்த 500-க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் பெரியார். பின்னாளில், சட்டத்தால் குடியை ஒழித்துவிட முடியாது என்று மதுவிலக்கை எதிர்த்து வாதிட்டவரும் அவரே. இரண்டிலும் உள்ள உண்மையைச் சேர்த்துப் பார்த்தால் நாம் சொல்வதுதான் வரும்: திணித்த கடையும் வேண்டாம், திணித்த பூட்டும் வேண்டாம், மக்கள் முடிவு வேண்டும்.

கடல் கடந்த தமிழ்த் தொழிலாளியும் இதைக் கேட்டிருக்கிறான். 1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்பது. கூலியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறான் முதலாளி என்பதை அவர்கள் எந்தப் பொருளாதார நூலும் படிக்காமலே கண்டுகொண்டார்கள். கூலிப் போராட்டமும் கள்ளுக்கடைப் போராட்டமும் ஒரே போராட்டம் என்றார்கள். இன்றைய தொழிற்சங்கத் தோழருக்கு இதில் செய்தி இல்லையா?

ஊர் என்றால் யார்?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊர் முடிவு செய்யட்டும் என்கிறோமே, அந்த ஊர் யார்? பெரிய தெருக்காரர்கள் ஒன்றுகூடி, எங்கள் தெருவில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் கடை எங்கே போகிறது? எதிர்த்துப் பேச வலுவில்லாதவர் குடியிருப்புக்குப் போகிறது. காலனிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. குளத்தங்கரைக் குடிசைகளுக்கு நடுவே இறங்குகிறது. பெரிய தெருவின் மானம் காப்பாற்றப்பட்டது. சேரியின் சோறு பறிபோனது! இது ஊர் முடிவு அல்ல, ஊர் ஆதிக்கம்.

ஆகையால் வாக்கு, கடை வரவிருக்கும் இடத்தைச் சுற்றி வாழ்கிறவர்களின் வாக்காக இருக்க வேண்டும். அது ரகசிய வாக்காக இருக்க வேண்டும். கை தூக்கச் சொன்னால் கடன் கொடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் கை எழும். பெண்களின் வாக்கு தனியாக எண்ணப்பட வேண்டும். குடிப்பவனுக்கும் வாக்கு உண்டு. அவனும் இந்நாட்டுக் குடிமகன்தான். அவன் வாக்கை மறுக்கும் எண்ணம் நமக்கில்லை. அவன் மனைவியின் வாக்கும் அதே எடை பெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. சுற்றி வாழ்கிறவர்கள் கடை இருக்கட்டும் என்று வாக்களித்தால்? இருக்கட்டும்! அதையும் ஏற்கும் துணிவு நமக்கு வேண்டும். அங்கே நம் வேலை பிரசாரமே தவிர, பலாத்காரம் அல்ல.

பின்வாசல் வழியையும் அடைக்க வேண்டும். முன்பக்கம் கடையை மூடிவிட்டு, பின்பக்கம் மனமகிழ் மன்றம் என்ற பெயரில் எப்.எல்.2 உரிமம் கொடுத்தால் என்ன பயன்? மனம் யாருக்கு மகிழ்கிறது? வாக்கெடுப்பு கடைக்கும், மன்றத்துக்கும், பாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

கடைச் சிப்பந்தியும் நம் தோழரே

டாஸ்மாக் கடைகளில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று 23,000-க்கும் மேற்பட்டோர் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். கோடி கோடியாக வசூலித்துக் கொடுக்கும் கைக்கு நிரந்தர வேலை இல்லை! இரவிலே பணப்பையோடு அஞ்சி அஞ்சி நடப்பவர் அவர். கடையை மறிக்கும் பெண்ணின் வசவையும் அவரே வாங்குகிறார், மேலதிகாரியின் திட்டையும் அவரே வாங்குகிறார். கடையை மூடினால் அவரைத் தெருவில் விடுவது நியாயமா? கூடவே கூடாது. மூடப்படும் ஒவ்வொரு கடையின் சிப்பந்திக்கும் வேறு அரசு நிறுவனத்தில் வேலை என்ற கோரிக்கை, கடையை மூடு என்ற கோரிக்கையோடு சேர்ந்தே எழ வேண்டும். மறியல் செய்யும் தாயையும் கல்லாவில் நிற்கும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் சூழ்ச்சிக்கு நாம் பலியாகலாகாது.

அதுபோலவே குடிநோயில் வீழ்ந்துவிட்ட தோழனுக்கு மாவட்டத் தலைநகரில் ஓரிரு படுக்கை போதாது; வட்டம்தோறும் சிகிச்சை வேண்டும். அவன் குற்றவாளி அல்லன், நோயாளி.

நம் வீட்டு முற்றம்

கடைசியாக, நமக்குள்ளே பேச வேண்டிய பேச்சு. கடையை ஒட்டிய பாரை எடுப்பது யார்? தின்பண்டமும் தண்ணீரும் விற்று, காலிப் பாட்டில் பொறுக்கும் உரிமை ஏலத்தில் போகிறதே, அதன் பின்னால் நிற்கும் பிரமுகர் யார்? கட்சி வேட்டியைக் கட்டிக்கொண்டு, கட்டடத்தை வாடகைக்கு விடுகிறவர் யார்? எல்லாக் கட்சியிலும் இவர்கள் உண்டு. நம்மிடம் இல்லை என்று சத்தியம் செய்ய நாம் தயாராக இல்லை. மாலையில் மேடையேறித் தாய்க்குலமே என்று முழங்கிவிட்டு, இரவில் பார் கணக்குப் பார்ப்பவன் தொண்டன் அல்லன்; இயக்கத்தின் தோளில் ஏறிய சுமை.

ஆகவே கிளை தோறும் ஒரு தீர்மானம் நிறைவேறட்டும்: கட்சிப் பொறுப்பில் இருப்பவர் எவரும் பார் எடுப்பதில்லை, மதுக்கடைக்குக் கட்டடம் விடுவதில்லை, கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் பாட்டில் கொடுப்பதில்லை. இதைச் செய்யாமல் சர்க்காரைக் கேள்வி கேட்டால், கேட்கும் வாய்க்கே நாற்றம்!

செய்ய வேண்டிய வேலை தெளிவானது. தொழிற்பகுதி விலக்கை நீக்கு, குடியிருப்புக்கும் தொழிற்சாலை வாசலுக்கும் தூரம் நிர்ணயி, ரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் புதுக் கடைக்கு உரிமம் இல்லை என்று விதியைத் திருத்து என்று மாநில சர்க்காரிடம் கேட்போம். இருக்கும் கடைகளுக்கு, கால்வாசி வாக்காளர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு என்று கேட்போம். கேட்பதோடு நிற்காமல் கையெழுத்தையும் திரட்டுவோம்.

மே முதல் தேதி தொழிலாளர் தினம். அன்றே கிராமசபை கூடும் நாள். அன்றே மதுக்கடைகளுக்கு விடுமுறை. மூன்றும் ஒரே நாளில்! இதைவிடப் பொருத்தமான நாள் வேறு கிடைக்குமா? கடை பூட்டியிருக்கும் அந்த ஒரு நாளில், தெளிந்த தலையோடு, சபைக்குப் போங்கள் தோழர்களே. போகும்போது தனியாகப் போகாதீர்கள். மனைவியையும் தாயையும் முன்னே விட்டுப் பின்னே நடங்கள். தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள், பதிவேட்டில் ஏறிய பிறகே எழுந்திருங்கள். நகரத் தோழர்கள் வார்டுக் குழுவில், பகுதி சபையில் அதையே செய்யுங்கள். ஒரு தீர்மானத்தைக் குப்பைக் கூடையில் போடலாம். ஆயிரம் தீர்மானத்துக்கு எந்த ஆபீசிலும் கூடை இல்லை!